சொல் இருக்கிறது, வரையறை எங்கே? ஐந்தாம் வகை நீரிழிவும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 'டைப் 5' என்றொரு நீரிழிவு வகையை ஏற்றுக்கொண்டது. போதிய ஊட்டமின்றி வளர்ந்து, மெலிந்த உடலோடு இளவயதிலேயே நீரிழிவுக்கு ஆளாவோருக்கான பெயர் அது. அச்செய்தி தமிழில் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் வந்தது: ஊட்டச்சத்துக் குறைபாட்டால் வரும் புதிய சர்க்கரை நோய். ஐந்தாறு சொற்கள்தாம். அவற்றுள் 'புதிய' என்பது தவறு. 'ஆல்' என்னும் உருபு இன்னும் தீராத வழக்கு. 'ஊட்டச்சத்துக் குறைபாடு' எதைக் குறிக்கிறது என்று சொன்னவருக்கும் உறுதியில்லை. 'சர்க்கரை நோய்' ஓர் அறிகுறியை நோயின் பெயராக்குகிறது. இதைச் செய்தியாளரின் அவசரம் என்று தள்ளிவிட இயலாது. அவர் பொறுமையாக ஒரு கலைச்சொல் பட்டியலைப் புரட்டியிருந்தாலும் இதைவிடத் தெளிவான விடை கிடைத்திருக்குமா என்பது ஐயமே. தமிழ்க் கலைச்சொல்லாக்கம் நூறாண்டுக்கு மேலாகச் சொற்களைத் தந்துகொண்டிருக்கிறது; வரையறைகளைத் தரவில்லை. இப்பதிவின் குற்றச்சாட்டு இதுவே.

'புதிய' என்பதிலிருந்து தொடங்கலாம். இந்த நோயாளிகள் திருவனந்தபுரத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1955இல் ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்பவர், அறியப்பட்ட இரு வகைகளுக்குள்ளும் அடங்காத மெலிந்த இளம் நோயாளிகளைக் கண்டு, ஜமைக்காவின் முதலெழுத்தால் 'ஜே வகை' என்று பெயரிட்டார். 1959இல் சூய்தெமா இந்தோனேசியாவிலிருந்து கணையத்தில் கற்கள் உருவாகி நீரிழிவுக்கு ஆளானோரைப் பற்றி எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில் கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் இத்தகைய நோயாளிகளை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து நூலாகவே வெளியிட்டார். வயிற்றின் சாதாரண எக்ஸ்ரே படத்தில் கணையம் இருக்கும் இடத்தில் சுண்ணக் கற்கள் வெண்மையாகத் தெரியும். சிறுவயதில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, பருவம் எய்தும் வயதில் நீரிழிவு, வாழ்வின் நடுவிலேயே சாவு என்பதே அந்நோயின் அன்றைய போக்கு. இன்று நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டி வாழ்வோர் பலர். அது சிகிச்சையும் உணவும் மேம்பட்டதன் பயன்.

இங்கே மரச்சீனி நுழைகிறது. மரவள்ளியைத் திருவனந்தபுரத்து மலையாளமும் குமரித் தமிழும் அவ்வாறே அழைக்கின்றன. (பெயரில் 'சீனி' இருப்பதை வைத்து நகைச்சுவை செய்ய வேண்டாம்.) அக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பிய பெருமை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவைச் சேரும். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் வயிற்றை நிரப்பியது அதுதான். நூறு கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம். அதிலுள்ள லினமரின் என்னும் சேர்மம் சயனைடை வெளியிடும்; நறுக்கி, வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி நீங்கும். எஞ்சும் சயனைடை உடல் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றுவதற்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை. அவை புரதத்திலிருந்து வர வேண்டும். புரதமே இல்லாத தட்டில் அவை எப்படி வரும்? கணையம் இந்த நஞ்சால் சிதைகிறது என்ற கருதுகோளை மக்மில்லனும் கீவர்கீஸும் 1979இல் முன்வைத்தனர். அழகான கருதுகோள். ஆனால் மரச்சீனி உண்ணாத ஊர்களிலும் இந்நோய் இருந்தது. அதை நாள்தோறும் உண்ணும் ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் இந்நோய் அரிதாக இருந்தது. பின்னர் ஸ்பிங்க்1 என்னும் மரபணுவின் மாற்றங்கள் இந்நோயாளிகள் பலரிடம் கண்டறியப்பட்டபோது கிழங்கின் மீதான வழக்கு மேலும் வலுவிழந்தது.

இந்தப் பின்னணியில்தான் வரையறையின் கதை நடக்கிறது. 1985இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு நீரிழிவின் பெருவகைகளுள் ஒன்றாக 'ஊட்டக்கேடு தொடர்பான நீரிழிவு' என்பதைச் சேர்த்தது. அதன் கீழ் இரண்டு உட்பிரிவுகள்: கணையத்தில் நாரும் கல்லும் உண்டாகும் நீரிழிவு, புரதக் குறைவு நீரிழிவு. முன்னதில் எக்ஸ்ரே சாட்சி சொல்லும். பின்னதில் சாட்சி சொல்ல நோயாளியின் மெலிந்த உடலும் வறுமையும் மட்டுமே. 1995 அக்டோபரில் கட்டாக்கில் கூடிய பன்னாட்டுப் பயிலரங்கு, 'தொடர்பான' என்ற சொல்லை விட்டுவிட்டு 'ஊட்டக்கேட்டால் தன்மை மாறிய நீரிழிவு' என்ற பொருள்படும் பெயரைப் பரிந்துரைத்தது. 1999இல் உலக சுகாதார நிறுவனம் அந்த வகையையே நீக்கியது. புரதக் குறைவு மட்டுமே நீரிழிவை உண்டாக்கும் என்பதற்கான சான்று நம்பத்தக்கதாக இல்லை என்பது காரணம். கல் உள்ளோர் 'கணைய நோய்களால் வரும் நீரிழிவு' என்ற அத்தியாயத்துக்கு இடம் மாற்றப்பட்டனர். கல் இல்லாதோருக்கு எந்த அத்தியாயமும் இல்லை. 2019இல் அதே நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டிலும் அவர்களுக்கு இடமில்லை.

ஆகவே 2025இல் நிகழ்ந்தது கண்டுபிடிப்பு அன்று, மீள்சேர்க்கை. அதுவும் பாதி மீள்சேர்க்கை. 'டைப் 5' என்பதற்குள் வருவோர் 1985இன் இரண்டாம் உட்பிரிவினர் மட்டுமே. கீவர்கீஸ் ஆராய்ந்த கல் உள்ள நோயாளிகள் இதற்குள் வரமாட்டார்கள். 'மரச்சீனி நீரிழிவு திரும்பி வந்துவிட்டது' என்று யாரேனும் எழுதினால், பெயர் தெரிந்து வரையறை தெரியாததன் விளைவு என்றே அதைக் கொள்ள வேண்டும்.

1999இன் முடிவில் தீய நோக்கம் எதுவும் இல்லை. சான்று போதாது என்பது அறிவியலில் நியாயமான வாதம். ஆனால் அங்கே ஒரு தருக்கப் பிழை நேர்ந்தது. காரணம் நிறுவப்படவில்லை என்றால் பெயரிலிருந்து காரணத்தை நீக்கியிருக்க வேண்டும். வகைப்பாட்டிலிருந்து நோயாளியை நீக்கியது எப்படிச் சரியாகும்? அறிகுறிகளாலும் உடலியல் தன்மைகளாலும் மட்டுமே வரையறுக்கப்பட்ட நோய்கள் மருத்துவத்தில் எத்தனையோ உண்டு. கட்டாக் பயிலரங்கு செய்ய முயன்றது அதைத்தான். இடமில்லாமற் போனவருக்கு நேர்வது என்ன? வயது இளையது என்பதால் அவர் முதல் வகைக்குள் தள்ளப்படுகிறார். அவர் உடலோ, முதல் வகையினரைப் போல இன்சுலின் முற்றும் இல்லாதது அன்று. சிறிதளவு இன்சுலினுக்கே இணங்குவது. அடுத்த வேளைச் சோறு உறுதியில்லாத ஒருவருக்கு முதல் வகைக்குரிய அளவில் இன்சுலின் ஏற்றினால் இரத்த குளுக்கோஸ் ஆபத்தான அளவுக்கு இறங்கும். இரண்டாம் வகை என்று எழுதப்பட்டால், எலும்பு தெரியும் மனிதரின் கையில் எடை குறைக்கும் அறிவுரைத் தாள் வந்து சேரும். 2022இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டை அளந்தே காட்டியது: இவர்களுக்கு இன்சுலின் சுரப்பு பெரிதும் குறைவு, ஆனால் இரண்டாம் வகையினரைப் போல உடல் இன்சுலினை எதிர்ப்பதில்லை.

இனி 'ஆல்'. மூன்றாம் வேற்றுமை உருபு கருவியையும் ஏதுவையும் சுட்டும். 'குறைபாட்டால் வரும் நோய்' என்று எழுதிய கணத்தில், நாற்பது ஆண்டுகளாக வல்லுநர்கள் ஒப்புக்கொள்ளாத காரண உறவு தமிழ் வாசகருக்கு முடிந்த உண்மையாகிவிடுகிறது. 1985இன் பெயரில் இருந்தது 'தொடர்பான'. 1995இன் பெயரில் 'தன்மை மாறிய'. இவ்விரண்டுக்கும் இடையிலான பத்தாண்டு விவாதம் தமிழில் ஓர் உருபால் துடைக்கப்படுகிறது. உருபைத் தவிர்த்து 'ஊட்டக்குறை நீரிழிவு' என்று தொகையாக்கினால் சிக்கல் தீருமா? அது வேற்றுமைத்தொகை. ஊட்டக்குறையால் நீரிழிவு, ஊட்டக்குறையின்கண் நீரிழிவு, ஊட்டக்குறையினது நீரிழிவு எனப் பலவாறு விரியும். பழைய உரையாசிரியர்கள் தொகையைக் கண்டால் முதலில் விரித்துக் காட்டுவார்கள். நம் கலைச்சொல் பட்டியல்கள் தொகையைத் தொகையாகவே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. 'ஊட்டக்கேடுற்றோர் நீரிழிவு' என்றால் நோய் யாரிடம் காணப்படுகிறது என்பது மட்டும் சொல்லப்படும். எதனால் என்ற வழக்கு திறந்தே இருக்கும். இதற்குத் தேவை மொழிவளம் அன்று. 1985க்கும் 1999க்கும் இடையில் என்ன நடந்தது என்ற அறிவு. சொல்லாக்கக் குழுக்களில் அந்த அறிவுக்கு இருக்கை ஒதுக்கப்படுவதில்லை.

மேலே 'ஊட்டக்கேடு' என்று எழுதப்பட்டதைச் சிலர் கவனித்திருக்கலாம். 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்று ஏன் எழுதவில்லை? உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அந்த ஆங்கிலக் கருத்தினம் ஆற்றலும் ஊட்டப்பொருள்களும் உடலுக்குக் குறைவாகக் கிடைப்பதையும், மிகையாகக் கிடைப்பதையும், சமநிலை கெடுவதையும் ஒருங்கே குறிக்கிறது. உடற்பருமனும் அதனுள் அடங்கும். தமிழிலோ இந்தப் பொதுக் கருத்துக்கும், அதன் ஒரு பிரிவான ஊட்டம் குறைதலுக்கும், இரும்புச்சத்து போன்ற ஏதேனும் ஒன்று பற்றாமற் போவதற்கும் 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்ற ஒரே சொல் வழங்குகிறது. எனவே 'உடற்பருமனும் ஊட்டக்கேட்டின் ஒரு வடிவமே' என்ற எளிய உண்மையை அச்சொல்லைக் கொண்டு எழுதவே முடியாது. 'பருமனும் ஒரு குறைபாடே' என்று முரணாக நிற்கும். மலையாளத்தின் 'போஷகாஹாரக்குறவு' இதே குழியில் கிடக்கிறது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரு மொழியும் பேசும் ஒருவர் எந்த மொழியின் துண்டறிக்கையைப் படித்தாலும் ஒரே குழப்பத்தைப் பெறுகிறார் என்பது மட்டுமே ஆறுதல்.

'குறைபாடு' என்ற சொல்லின் மேல் இன்னும் எத்தனை சுமை! வைட்டமின் டி பற்றி 2011இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் தந்த வழிகாட்டுதலில், இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் குறைந்தால் ஒரு பெயர், 21 முதல் 29 வரை மற்றொரு பெயர். முன்னது பற்றாக்குறை; பின்னது போதாமை. தமிழ் ஆய்வக அறிக்கை விளக்கங்களில் இரண்டும் 'குறைபாடு' ஆயின. 2024இல் அதே சங்கம் அந்த எல்லைகளைத் தான் இனி ஆதரிக்கவில்லை என்று கூறிவிட்டது. எல்லைக்கோடு இருந்தபோதே அதைத் தமிழில் வரையாதவர்கள், அது அழிக்கப்பட்டதை எப்படி அறிவிப்பார்கள்?

தமிழ் ஏற்கெனவே வைத்திருந்த வரையறைகளை என்ன செய்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட்டில் வீங்கிய உடலும் உரியும் தோலும் கொண்ட குழந்தைகளைக் கண்டார். அந்நோய்க்கு அவ்வூர்த் தாய்மார் கா மொழியில் வழங்கிய 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே 1935இல் லான்செட் இதழில் அச்சேற்றினார். அடுத்த குழந்தை பிறந்ததும் மார்பிலிருந்து அகற்றப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். சொல்லுக்குள்ளேயே நோயின் சூழல் இருக்கிறது. தமிழில் 'சவலை' என்ற சொல் உண்டு. தாய் மீண்டும் கருவுற்றதாலோ அடுத்த குழந்தை வந்ததாலோ பால் மறுக்கப்பட்டு நலிந்த குழந்தை அது. இன்றும் கிராமத்துக் கிழவிகள் 'சவலை பாய்ஞ்ச பிள்ளை' என்பார்கள். கா மொழிச் சொல் உலக மருத்துவத்தின் சொல்லானது. தமிழ்ச் சொல் அகராதியில் உறங்குகிறது. உடனே உணர்ச்சிவசப்பட்டுக் குவாஷியோர்கருக்கு நேர் 'சவலை நோய்' என்று எழுதிவிடுவதும் தவறாகும். முன்னதன் அடையாளம் நீர்கோத்த வீக்கம். சவலையின் அடையாளம் மெலிவு. ஒன்றுபடுவது சூழல், வேறுபடுவது தோற்றம். வரையறை எழுதினால் இது இரண்டே வரியில் தெளிவாகிவிடும். எழுதாவிட்டால் 'குவாஷியோர்கர்: சவலை நோய்' என்றொரு பட்டியல் வரி வரும், இன்னொருவர் அதை எடுத்து ஆய்வேட்டில் வைப்பார்.

நீரிழிவு நோயாளியின் உணவுத் தாளுக்கு வருவோம். கேரளப் பாடநூல்களில் புரதம் 'மாம்ஸ்யம்'. மாமிசத்திலிருந்து பிறந்த சொல். பயற்றிலும் கடலையிலும் உள்ளதும் மாம்ஸ்யமே என்று ஆசிரியர் ஒவ்வோராண்டும் விளக்கவேண்டியிருக்கிறது. தமிழின் 'புரதம்' ஒலிபெயர்ப்பின் திரிபு; பொருளேதும் சுமக்காததால் குழப்பமும் செய்வதில்லை. ஆனால் 'மாவுச்சத்து'? கார்போஹைட்ரேட் என்னும் பெரிய குடும்பத்துக்கும், அதன் ஓர் உறுப்பாகிய தரசத்துக்கும் இச்சொல்லையே இதழ்கள் பயன்படுத்துகின்றன. மாவுச்சத்தைக் குறையுங்கள் என்று படித்தவர் தோசையை விட்டுவிட்டுப் பழச்சாறு குடித்தால் குற்றம் அவருடையதன்று. பழச்சாற்றில் மாவு இல்லையே. உடல் நிறைக் குறியெண்ணை 'உடல் பருமன் குறியீடு' என்று எழுதும் வழக்கமும் பரவியிருக்கிறது. வேலூர் ஆய்வில் சேர்க்கப்பட்டோரின் குறியெண் 19க்கும் கீழே. எலும்பும் தோலுமான ஒருவரின் பருமனை அளக்கிறோம்!

'சர்க்கரை நோய்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'நீரிழிவு' அதைவிடப் பழையது, சரியானது. நீர் இழிதல், அதாவது நீர் கீழிறங்கிப் போதல். ஊடே கடந்து போதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அதே காட்சி. சர்க்கரையே இல்லாமல், வேசோபிரெசின் என்னும் ஹார்மோன் குறைவால் நீர் மிகுதியாகப் போகும் வேறொரு நோயும் ஆங்கிலத்தில் இதே முதற்பெயரைத் தாங்கியிருந்தது. பெயர் ஒற்றுமையால் மருத்துவமனைகளில் அந்நோயாளிகளைச் சர்க்கரை நோயினர் என்று கருதி, உயிர்காக்கும் மருந்தை நிறுத்திய நிகழ்வுகள் உண்டு, உயிரிழப்புகளும் உண்டு. 2022இல் பன்னாட்டு நாளமில்லாச் சுரப்பியியல் சங்கங்களின் பணிக்குழு ஒன்று அப்பெயரையே மாற்றப் பரிந்துரைத்தது. சொல்லாய்வு பொழுதுபோக்கு என்று எண்ணும் மருத்துவர்களுக்காக இச்செய்தி இங்கே வைக்கப்படுகிறது.

இவ்வளவுக்கும் தமிழில் முயற்சிகள் குறைவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860களிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம் என நூல்கள் வந்தன. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கினர். 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையிலான குழு வடமொழி வழிச் சொற்களின் பக்கம் சாய்ந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு தமிழ்ப் பல்கலைக்கழகம், மணவை முஸ்தபா, இன்று இணையச் சொற்குவைகள். இந்நெடிய வரலாற்றில் பெரும்பாலான சண்டை ஒரே கேள்வியைச் சுற்றியது: சொல் எங்கிருந்து வரவேண்டும்? வடமொழியா, தனித்தமிழா, ஆங்கில ஒலிபெயர்ப்பா? சொல்லின் சாதியைப் பற்றிய சண்டை அது. சொல்லின் எல்லை எது என்ற கேள்வி அபூர்வமாகவே எழுந்தது. கிறீன் ஒருவகையில் தப்பினார்; அவர் பட்டியலோடு நிற்கவில்லை, நூல்களை எழுதுவித்தார். நூலுக்குள் சொல் தன் வேலையைச் செய்துகாட்டும்; வரையறை உரைநடைக்குள் கரைந்திருக்கும். பட்டியலில் சொல் வெறுமனே நிற்கும். இலங்கைப் பாடநூல்கள் கணையத்தைச் 'சதையி' என்கின்றன. முழுதும் சதை என்ற கிரேக்கப் பெயர்ப்பொருளைத் தழுவியது அது. தமிழ்நாட்டில் 'கணையம்'. எது சிறந்தது என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாதிடலாம். ஆனால் இரண்டு சொல்லும் ஒரே உறுப்பைத்தான் சுட்டுகின்றன. நோயாளிக்கு எந்தக் கேடும் இல்லை. கேடு விளைவது ஒரு சொல் மூன்று பொருள்களைச் சுட்டும் இடத்தில். அங்கே யாரும் வாதிடுவதில்லை.

கலைச்சொல்லியலைத் தனித் துறையாக்கிய யூஜென் வூஸ்டர் முதல் ஐ.எஸ்.ஓ. 704 தரநூல் வரை சொல்வது ஒன்றே: முதலில் கருத்தினம், அடுத்து வரையறை, கடைசியில் சொல். தமிழில் நாம் கடைசியிலிருந்து தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கிறோம். இதை மேலைநாட்டு முறை என்று ஒதுக்க விரும்புவோர் நம் தருக்க நூல்களைத் திறக்கலாம். இலக்கணம் கூறுங்கால் நேரும் குற்றங்களாக அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என மூன்றைச் சொல்லி வைத்திருக்கிறார்கள்: சேரவேண்டியது விடுபடுதல், சேரக்கூடாதது சேர்தல், எதற்குமே பொருந்தாமை. நன்னூல் மாணவர்கள் குன்றக்கூறலையும் மிகைபடக்கூறலையும் தேர்வுக்காக மனனம் செய்கிறார்கள். 'ஊட்டச்சத்துக் குறைபாடு' மிகை ஊட்டத்தை விட்டுவிடுகிறது; அவ்வியாப்தி. 'மாவுச்சத்து' தரசத்துக்கு உரிய பெயரைக் குடும்பம் முழுவதற்கும் நீட்டுகிறது, அதிவியாப்தி. பருமனே இல்லாதவருக்குப் பருமன் குறியீடு. அதை அசம்பவத்தில் சேர்க்கலாம். கருவி வீட்டிலேயே இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை.

மொழியியல் துறைகளும் இதில் குற்றவாளிகளே. திராவிட மொழியியலுக்குத் திருவனந்தபுரம் ஒரு தலைநகர். வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியலை வளர்த்து, பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியை இங்கே நிறுவி, 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகச் சென்றார். அத்தகைய மரபில் வந்த துறைகளில் கலைச்சொல் ஆய்வு என்றால் இன்றும் பெரும்பாலும் சொல்லமைப்பு ஆய்வுதான்: எத்தனை தொகைச்சொல், எத்தனை ஒலிபெயர்ப்பு, எத்தனை நேர்மொழிபெயர்ப்பு, பின்னொட்டு எது. விழுக்காட்டு அட்டவணையுடன் பட்டம் கிடைத்துவிடும். அச்சொல்லைக் கேட்ட நோயாளி என்ன புரிந்துகொண்டார் என்று மருத்துவமனை வாசலில் போய்க் கேட்ட ஆய்வேடுகள் எத்தனை?

'மருத்துவர்கள் ஆங்கிலத்தில்தானே பேசிக்கொள்கிறார்கள், தமிழ் வரையறை யாருக்கு?' என்ற மறுப்பு உறுதியாக வரும். மருத்துவர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு அன்று. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டது. ஆனால் களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு வரும் தமிழ் நோயாளிகளின் வரவு நிற்கவில்லை. அவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம், அவர்களுக்குத் தரப்படும் உணவுத் தாள், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளரின் வினாப்படிவம் ஆகியவற்றில் இருப்பவை ஆங்கில வரையறைகள் அல்ல. 'உங்களுக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு உண்டா?' என்ற வினாவுக்குக் கிடைக்கும் விடைகளைக் கூட்டி வகுத்து ஆங்கிலக் கட்டுரையில் அட்டவணையாக்குகிறார்கள். வினாவில் மூன்று பொருள், விடையில் எது? 'முதல் வகை', 'இரண்டாம் வகை' என்ற பெயர்களை நோயின் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று எடுத்துக்கொள்ளவும் தமிழில் இடமிருக்கிறது. இப்போது 'ஐந்தாம் வகை' வந்திருக்கிறது. முற்றிய நோய் என்று அஞ்சுவோர் இருந்தால் வியப்பில்லை. எண் வரையறையாகாது. அதை விளக்கும் நான்கு வரி தமிழில் இல்லாதவரை அது அச்சுறுத்தும் எண் மட்டுமே.

'வரையறைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, எதற்கு எழுதி வைக்க வேண்டும்?' என்பது மற்றொரு மறுப்பு. மாறுவதால்தான் ஆண்டோடும் வரையறுத்தவர் பெயரோடும் எழுத வேண்டும். 1985இன் சொல்லை 2025இன் பொருளில் படித்தால் என்ன நேரும் என்பது மேலே காட்டப்பட்டது. 'டைப் 5'உம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது அன்று. தனி வகையாக ஏற்கச் சான்று போதுமா என்று கேட்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கூட்டமைப்பு ஏற்றதாலேயே உலக சுகாதார நிறுவனமும் ஏற்றதாகிவிடாது. இதையும் பதிவில் குறிக்க வேண்டும்.

அப்படி ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்காக ஒன்று. இதனினும் நன்றாக எழுத முடிந்தவர்கள் எழுதட்டும்.

ஊட்டக்கேடுற்றோர் நீரிழிவு. பெ. இளவயதில், மெலிந்த உடலினரிடம், நீண்டகால ஊட்டக்குறைவின் பின்னணியில் காணப்படும் நீரிழிவு. இன்சுலின் சுரப்பு மிகக் குறைவு. இன்சுலின் எதிர்ப்பு இல்லை அல்லது சிறிதளவே. முதல் வகையிலிருந்து வேறுபாடு: தன்னுடல் தாக்கத்தின் அடையாளங்கள் காணப்படுவதில்லை. இரண்டாம் வகையிலிருந்து வேறுபாடு: உடற்பருமன் இல்லை. கணையக் கல் நீரிழிவு இதனுள் அடங்காது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் ஒரே பெருவகையின் கீழ் வைத்தது, 1999இல் அப்பெருவகையை நீக்கியது. 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 'டைப் 5' என்னும் பெயரில் ஏற்றது. ஏது: நிறுவப்படவில்லை. கண்டறியும் அளவுகோல்: வகுக்கப்பட்டு வருகிறது. ஒப்புநோக்குக: ஊட்டக்கேடு, ஊட்டக்குறைவு, சவலை.